கொல்லர்

போன கிழமை என் பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டாள். இங்கே ஜேர்மனியில் அவளுடைய வகுப்பில் ஷ்மிட் என்ற குடும்பப் பெயரோடு இரண்டு பிள்ளைகள். பெயர்களின் பொருளை ரீச்சர் விளக்கியிருக்கிறா.

"அம்மப்பா, ஷ்மிட் எண்டால் இரும்படிக்கிற ஆளாம். தமிழில என்ன?"

"கொல்லன்."

"கொல்லுறவரா?" பயந்துவிட்டாள்.

பழந்தமிழில் 'கொல்' என்பது உயிரெடுப்பது மட்டுமில்லை, இரும்புக்கும் இரும்பு வேலைக்கும் அதே சொல்தான் என்று விளக்கினேன். ஔவையார் கொல்லன் பட்டறையைக் 'கொல்துறை' என்கிறார். தொண்டைமானிடம் தூது போனவர், உன் ஆயுதங்கள் மாலை சூடிப் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவை நுனி முறிந்து பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல நக்கலடிக்கும் புறநானூற்றுப் பாட்டு அது. அதே நூலில் பொன்முடியாரின் தாய் ஒவ்வொருவருடைய கடமையையும் வரிசையாகச் சொல்லுவாள். பெறுவது தாய், சான்றோன் ஆக்குவது தகப்பன், வேல் வடிப்பது கொல்லன். அதற்குப் பிறகுதான் அரசன் வருகிறான். குறுந்தொகையில் மதுரைப் பெருங்கொல்லன் என்றே ஒரு புலவர் இருக்கிறார். அவர் தன் தொழிலை ஒளித்துவைக்கவில்லை.

வெள்ளைக்காரரும் ஒளிக்கவில்லை. ஸ்மித், லெபெவ்ர், கொவால்ஸ்கி, குஸ்னெட்சோவ் எல்லாம் கொல்லர் பெயர்தான். பெராரி கார் வைத்திருக்கும் கனவான்கள்கூட ஒரு கொல்லன் பெயரைத்தான் ஓட்டிக்கொண்டு திரிகிறார்கள்!

இவ்வளவும் பேத்திக்குச் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் ஒரு கம்மாலை இருந்தது. துருத்தி, உலை, சிரட்டைக்கரி வாசம். வண்டில் சில்லுக்கு இரும்புப் பட்டம் போடும் நாளில் பெடியங்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கப் போவோம். சத்தகம், கோடரி, மண்வெட்டி, சீவல் தொழிலாளியின் பாளைக் கத்தி எல்லாம் அங்கேதான் வரும். "மண்வெட்டியைக் கொல்லனிட்டைக் குடுத்துத் தோய்ச்சுக்கொண்டு வா" என்று ஐயா அனுப்புவார். அந்த மனிதருக்கு ஐயாவின் வயதிருக்கும். நாங்கள் சிறுவர்களே அவரை 'நீ' என்றுதான் கதைப்போம். அவர் என்று நான் எழுதுவதே இதுதான் முதல் தடவை.

அவருடைய மகன் என்னோடு படித்தான். பதினாலு வயதில் எங்களுக்குச் சிலப்பதிகாரம் பாடம் வந்தது. பாண்டிமாதேவியின் சிலம்பைத் தானே களவெடுத்துவிட்டு, பழியைக் கோவலன் தலையில் போட்ட பொற்கொல்லனைத் தமிழ் வாத்தியார் நடித்தே காட்டினார். வாத்தியார் 'கொல்லன்' என்று அழுத்திச் சொன்னபோது முழு வகுப்பும் பின்வாங்கைத் திரும்பிப் பார்த்தது.

கவனியுங்கள், எங்களூரில் நகை செய்பவர் தட்டார். பொற்கொல்லன் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆகவே அந்தச் சொல் தட்டாரின் மகனில் விழாமல் இரும்படிப்பவரின் மகனில் விழுந்தது. அவர்கள் வீட்டில் மருந்துக்கும் பொன் இருந்திராது. அன்று பின்னேரமே அவனுக்குச் 'சிலம்புக் கள்ளன்' என்று பட்டம். நானும் சொன்னேன், நல்லாகச் சிரித்தேன். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. தகப்பனோடு சம்மட்டி பிடிப்பதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மண்வெட்டி கொண்டுபோக ஏதாவது சாட்டுச் சொல்லித் தம்பியை அனுப்பிவிடுவேன்.

1983 ஜூலை 23ஆம் திகதி திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள் இரவு கொழும்பு எரியத் தொடங்கியது. நான் அப்போது வெள்ளவத்தையில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். யாரோ செய்ததற்கு நான் நாலு நாள் ஒரு சிங்கள வீட்டுக் குசினியில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

இங்கே வந்து அகதி முகாமில் இருந்த காலத்தில் யாரோ விட்டுப்போன சிலப்பதிகாரம் ஒன்று கையில் கிடைத்தது. வேறு வேலையில்லாததால் முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். உரைபெறு கட்டுரையில் ஓர் இடம். கண்ணகியைச் சாந்தப்படுத்துவதற்காகக் கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று களவேள்வி செய்தானாம். நீர்ப்படைக் காதையிலும் அது வருகிறது, ஒரே பகலில் என்று.

களவெடுத்தவன் ஒருவன். ஆயிரம் பேர்!

புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். அரிசி மூட்டையின் மணம் மூக்கில் வந்தது. கூடவே அந்தப் பின்வாங்கும். எங்கள் வாத்தியார் இதைப் படிப்பிக்கவில்லை. படிப்பித்திருந்தாலும் நாங்கள் அன்றைக்குக் கைதட்டியிருப்போம் என்றுதான் நினைக்கிறேன்.

அவன் இப்போது எங்கே என்று தெரியாது. ஊருக்குப் போய்வந்தவர்களிடம் விசாரித்தேன். கம்மாலை இருந்த இடத்தில் வெறும் வளவுதானாம்.

பேத்தி கொப்பியில் ஷ்மிட் என்று எழுதி, பக்கத்தில் தமிழில் எழுதித் தரச் சொன்னாள். 'கொல்லர்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"முதல் 'ன்' எண்டுதானே சொன்னீங்கள்?" என்றாள்.

"அது நான் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றேன்.