நீலக் கலர் தெரியும்... ஆளைத் தெரியுமா?

பயோகெமிஸ்ட்ரி படிக்கிற ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கொஞ்சம் கை தூக்குங்க. பிராக்டிகல்ல மாலிப்டேட்டை ஊத்திட்டு, டெஸ்ட் ட்யூபில் நீலக் கலர் எப்போ வரும்னு முறைச்சுப் பார்த்துக்கிட்டு நின்னிருப்பீங்களே... பாஸ்பரஸ் அளக்கிற அந்த எக்ஸ்பெரிமென்ட் பேர் ‘ஃபிஸ்கே - சுப்பாராவ் மெத்தட்’. ரெக்கார்டு நோட்டில் தலைப்பா எழுதி, அடிக்கோடு போட்டு, மார்க்கும் வாங்கியாச்சு. யாருங்க அந்த சுப்பாராவ்?

ஆளு நம்ம சென்னை மெடிக்கல் காலேஜ் ஸ்டூடண்ட் பாஸ்! எல்லாப்ரகடா சுப்பாராவ், 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். காந்தி சொன்னார்னு ஆபரேஷன் கோட்டைக் கதரில் தைச்சுப் போட, வெள்ளைக்கார சர்ஜரி புரொபசருக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்கலை, அதுக்குக் கீழே இருந்த எல்.எம்.எஸ். பட்டம்தான். 1922-ல் அமெரிக்கா போய், ஹார்வர்டில் ஃபிஸ்கேகிட்ட வேலை பார்த்து, 1925-ல் அந்த நீலக் கலர் பேப்பர் வெளியாச்சு. நம்ம உடம்பில் இருக்கிற பாஸ்பரஸில் சுமார் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கு. அதனால எலும்பு ஆராய்ச்சிக்காரங்களுக்கு அது ரொம்ப வேண்டப்பட்ட பேப்பர். 1927-ல் பாஸ்போகிரியேட்டின், 1929-ல் ஏ.டி.பி. (அதே வருஷம் ஜெர்மனியில் லோமனும் கண்டுபிடிச்சார்) என்று லிஸ்ட் நீளுது. ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கொடுக்கலை! சுப்பாராவ் பிரிச்சு எடுத்த சில பொருட்களை ஃபிஸ்கே பொறாமையில் வெளியே வரவிடலை, மத்தவங்க பின்னாடி திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியதாச்சுன்னு, 1988-ல் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கார்.

இவர் மேல எனக்கு என்ன திடீர்ப் பாசம்னு கேக்குறீங்களா? நான் ஏற்காட்டுப் பொண்ணு. எங்க ஆயா நாற்பது வருஷம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிச்சவங்க. இப்போ முடக்குவாதம், விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கு. மாசாமாசம் ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு அட்டை மாத்திரை வாங்குவேன். ஒண்ணு மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே நாள்தான், மறந்துபோய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆயா அதுக்கு வெச்ச பேரு ‘ஞாயித்துக்கெழம மாத்திரை’. இன்னொண்ணு ஃபோலிக் ஆசிட், வேறொரு நாளில் போடுறது. ரெண்டுக்கும் வேர் சுப்பாராவ் டீமில்தான் இருக்கு!

ஹார்வர்டை விட்டு 1940-ல் லெடர்லி கம்பெனிக்குப் போனார். அவர் தலைமையில் 1945-ல் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையா செஞ்சாங்க. பேப்பரில் பதினாறு பேர், லீடர் பேர் நடுவில் எங்கேயோ. அப்புறம் ஃபோலிக் ஆசிட் மாதிரியே தோற்றம் காட்டி செல்லை ஏமாத்துற மருந்துகள் வந்துச்சு. அமினோப்டெரின், அடுத்து மெத்தோட்ரெக்ஸேட். புதுசா செல் பிரியணும்னா ஃபோலிக் ஆசிட் வேணும். புற்றுநோய் செல் ஓயாமப் பிரியுது, அங்கே போலி நுழைஞ்சா வேலை நின்னுடும். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்ததில் 10 பேருக்கு, தற்காலிகமாத்தான், நோய் தணிஞ்சது. அந்தக் கட்டுரை 1948 ஜூனில் வந்தது. அஞ்சு ஆத்தர்ஸ், சுப்பாராவ் பேர் அதில் இல்லை. ரெண்டே மாசத்தில், 53 வயசில், தூக்கத்திலேயே போயிட்டார். 1970-களில் மெத்தோட்ரெக்ஸேட்டை பெரிய டோஸில் கொடுத்து எலும்புப் புற்றுநோய்க்கும் வைத்தியம் பண்ண ஆரம்பிச்சாங்க. அதைப் பார்க்க அவர் இல்லை.

‘பாத்தியா, பேர் வராட்டி என்ன, கடமையைச் செய்’னு ஆரம்பிப்பேன்னு நினைக்காதீங்க. எனக்கு அந்த டயலாக்கே பிடிக்காது. எம்.எஸ்ஸி. முடிச்சு ரெண்டு வருஷம் ஒரு லேபில் எலும்பு செல் வளர்த்தேன் (எந்த லேப்னு கேக்காதீங்க). செல்லுக்கு ஞாயிறு, தீபாவளி எல்லாம் தெரியாது, ரெண்டு நாளைக்கு ஒருதடவை சாப்பாடு மாத்தணும். பேப்பர் வந்துச்சு. நான் எடுத்த படம் நாலு இருக்கு. என் பேர் மட்டும் கடைசியில், நன்றி சொல்ற வரியில்!

பேர் வேணும் ஃப்ரெண்ட்ஸ். பேர் இல்லாட்டி ஃபெலோஷிப் இல்லை, வேலை இல்லை. ஹார்வர்டு இல்லாட்டி லெடர்லின்னு போக அவருக்கு ஓர் இடம் இருந்துச்சு. எங்கப்பா எனக்குக் காட்டுற இடம், ஒண்டிக்கடையில் ஹோம்மேட் சாக்லேட் கடை. (சீசனில் நல்ல லாபம்தான், பொய் சொல்லக்கூடாது.)

மருத்துவ இதழ் ஆசிரியர்களோட சர்வதேசக் குழு ஒண்ணு இதுக்கு விதியே எழுதி வெச்சிருக்கு. ஆராய்ச்சியில் கணிசமான பங்கு இருந்தா, கட்டுரையை எழுதுறதிலும் திருத்துறதிலும் சேர்ந்துக்க அவங்களுக்கு வாய்ப்புக் கொடுக்கணுமாம். கொடுத்தால்தானே அடுத்த படி, ஆத்தர் ஆகிறது! அதனால, லேபில் சேர்ற அன்னைக்கே ‘பேப்பரில் யார் யார் பேர் வரும்?’னு கேட்டுடுங்க. முகம் சுளிச்சா சுளிக்கட்டும். நோட்டுப் புக்கில் தேதி போட்டு எழுதுங்க.

நான் எழுதி வெச்சிருந்தேன். போன வாரம் பி.எச்டி. அப்ளிகேஷனில் ‘பப்ளிகேஷன்ஸ்’னு ஒரு கட்டம் வந்துச்சு. ‘இல்லை’ன்னுதான் போட்டேன். அடியில், அந்தப் பேப்பரோட தலைப்பு, அதில் நான் எடுத்த நாலு படங்களோட நம்பர், ஒவ்வொண்ணையும் எடுத்த தேதி. இன்டர்வியூ அடுத்த மாசம்.