3.3 வோல்ட்

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து அப்பாவின் கம்ப்யூட்டர் இறங்கியது. 2000-இல் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது. பென்டியம் 3, 64 எம்பி ராம், விண்டோஸ் 98. "எடைக்குப் போட்டுடுடா" என்றாள் அம்மா. மனசு வராமல் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தேன். ஃபேன் சுற்றியது, ஹார்டு டிஸ்க் கரகரத்தது, ஆனால் திரை முழுக்கக் கோடு கோடாக. கழற்றிப் பார்த்தால் டிஸ்பிளே கார்டில் இரண்டு கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன.

அந்தக் கார்டோடு எனக்குப் பழைய பகை உண்டு. வெறும் 8 எம்பி. அப்போது எனக்குப் பதிமூன்று வயது. வூடூ 3 வேண்டுமென்று கடை வாசலிலேயே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "கணக்கு எழுத, லெட்டர் அடிக்க இது போதும்டா" என்று முடித்துவிட்டார் அப்பா. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. இப்போது கையில் காசு இருக்கிறது, தடுக்க ஆளில்லை. கிடைப்பதிலேயே பெரிய கார்டாக வாங்கிப் போட்டுவிடுவது என்றுதான் மறுபடி அதே தெருவுக்குப் போனேன்.

பழைய சாமான் கடை ஒன்றில் தூசி தட்டி ஒரு கார்டை நீட்டினார்கள். "ஏஜிபிதானே சார், எல்லாம் ஒண்ணுதான்."

ஒன்றில்லை. ஏஜிபி என்ற ஒரே பெயரில் மூன்று தலைமுறை இருக்கிறது. இன்டெல் முதலில் கொண்டுவந்தது 3.3 வோல்ட் சிக்னலில் ஓடும். 1998-இல் வந்தது 1.5, 2002-இல் வந்தது 0.8. எங்கள் போர்டில் இருப்பது 440பிஎக்ஸ் சிப்செட், அதற்கு 3.3 மட்டும்தான் தெரியும். கார்டின் தங்கப் பல்வரிசையில் வெட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். மானிட்டர் வயர் சொருகும் தகட்டுப் பக்கமாக இருந்தால் 3.3, தள்ளி இருந்தால் 1.5, இரண்டு வெட்டும் இருந்தால் இரண்டுக்கும். கடைக்காரர் நீட்டியதில் தள்ளி ஒரே ஒரு வெட்டு.

"லேசா அரத்தால ராவினா உக்காந்துடும் சார்."

உட்காரும். அப்புறம் தாங்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு வோல்டேஜ் பாய்ந்து கார்டு கருகும், போகிற போக்கில் போர்டையும் இழுத்துக்கொண்டு போகலாம். இப்படி ஒருவர் அரத்தோடு வருவார் என்று தெரிந்தேதான் அந்த வெட்டை வைத்திருக்கிறார்கள் போல.

வெட்டு பொருந்தினாலும் முடிந்துவிடாது. ஜிஃபோர்ஸ் 6 வரிசைக்குப் பிறகு வந்த கார்டுகளுக்கு என்விடியா விண்டோஸ் 98 டிரைவர் தரவில்லை. பெரிய கார்டுகள் தனியாக ஒரு பவர் வயரும் கேட்கும். இருபது வருடத்துக்கு மேலான பவர் சப்ளையை நம்பி அதையெல்லாம் மாட்ட எனக்குத் துணிவில்லை. வூடூ 3 பொருந்தும், ஆனால் அதைச் செய்த 3டிஎஃப்எக்ஸ் 2000 கடைசியிலேயே என்விடியாவிடம் போய்விட்டது, இருக்கிற கார்டுகளுக்குச் சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். விலையைக் கேட்டதும் அப்பா குரலில் நானே "இது போதும்டா" என்று சொல்லிக்கொண்டேன்.

நாலு கடை தாண்டி ஒரு ஜிஃபோர்ஸ் 2 எம்எக்ஸ் 400 கிடைத்தது. இரண்டு வெட்டு.

வீட்டில் மாட்டினேன். டிரைவர் போடும் வரை விண்டோஸ் 98 எப்போதும் போல 640க்கு 480-இல், பதினாறு நிறத்தில், எழுத்தெல்லாம் கட்டைகட்டையாக வந்து நின்றது. டிரைவர் போட்டேன். செட்டிங்ஸில் அந்தக் குமிழை 1024-க்கு இழுத்தேன். பழைய பழக்கம்: அந்தக் காலத்தில் நான் இழுத்து வைப்பேன், மறுநாள் காலையில் பார்த்தால் குறைந்திருக்கும். என் மேல் உள்ள கடுப்பில் செய்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

காபியோடு வந்த அம்மா திரையைக் குனிந்து பார்த்தாள். "இவ்ளோ பொடிப்பொடியாவா வச்சிருந்தார்? அவருக்குத்தான் சின்ன எழுத்தே தெரியாதேடா. கண்ணாடி மாத்தணும்னு ரெண்டு வருஷம் சொல்லிட்டேதான் இருந்தார். உனக்கு டியூஷன் ஃபீஸ் கட்டினப்போ."

காபி ஆறிக்கொண்டிருந்தது. குமிழைப் பிடித்து 640 வரை மெதுவாக இழுத்து, அப்ளையை அழுத்தினேன்.