பழுப்புப் புள்ளிகள்



சென்ற மாதம் நான் ஒரு பிழை செய்தேன். உங்களில் சிலர் அதைக் கண்ணாரக் கண்டீர்கள். ஆகவே அதை இங்கே எழுதுவதே முறை.

என் வெள்ளைக் காரைச் சனிக்கிழமைதோறும் கழுவித் தந்தவன் நம் வாலிபர் கூட்டத்துத் தம்பி ஒருவன். முன்சக்கரங்களுக்குப் பின்னாலும் கதவுகளின் கீழ்ப்பகுதியிலும் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் பெருகிவந்தன. அவன் அரைகுறையாய்க் கழுவுகிறான் என்று நானே தீர்மானித்து, ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கையில் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் பதில் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை வரவுமில்லை.

நானே வாளியை எடுத்தேன். சோப்புக்கு அசையாததால் பாத்திரம் துலக்கும் கம்பி நாரால் தேய்த்தேன். (தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதிருங்கள்.) புள்ளிகள் அப்படியே இருக்க, அவற்றைச் சுற்றிக் கீறல்கள் விழுந்தன. சவுக்காரத்தால் நீங்காத கறையைக் குறித்து எரேமியா 2ஆம் அதிகாரத்திலிருந்து பலமுறை பிரசங்கித்தவன் நான். அன்று அது நினைவுக்கு வரவேயில்லை.

நெல்லித்தோப்பில் கார் பராமரிப்புச் செய்யும் ஒருவர் பார்த்தவுடனே, "இது அழுக்கு இல்லை ஐயா, இரும்பு" என்றார். பிரேக் பிடிக்கும்போது பேடும் இரும்புத் தட்டும் உராய்ந்து, நுண்ணிய துகள்கள் சூடாகத் தெறிக்கின்றன. அவை வண்ணப்பூச்சில் பதிந்து, ஈரம் பட்டதும் துருவேறுகின்றன. நம் ஊர் உப்புக்காற்று அதை இன்னும் விரைவுபடுத்துகிறது. இருப்புப்பாதை ஓரம் நிறுத்தப்படும் வண்டிகளிலும் இதே புள்ளிகள் தோன்றுமாம். 1879ஆம் ஆண்டிலிருந்து இரயில்கள் வந்து நின்று திரும்பும் கடைசி நிலையமல்லவா நம்முடையது!

அவர் காரை நிழலில் நிறுத்தி, தகடு குளிர்ந்தபின் கழுவி, ஒரு திரவத்தைத் தெளித்தார். அதிலுள்ள தையோகிளைகோலேட் என்னும் இரசாயனம் கூந்தலைச் சுருட்டும் மருந்திலும் உண்டு. நாற்றமும் அதே நாற்றம். சில நிமிடங்களில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதா நிறம் கசிந்து வழிந்தது. இரும்பு இருக்கும் இடத்தில் மட்டுமே அது நிறம் மாறும். உலருமுன் நீர்விட்டு அலசி, எஞ்சியவற்றைச் சோப்புநீர் வழுவழுப்பில் ஒரு களிமண் கட்டியை மெல்ல ஓட்டி எடுத்தார்.

சக்கரங்களில்தான் ஊதா மிகுதியாய் ஓடியது. "பிரேக்கை அதிகம் மிதிப்பீர்களோ?" என்று கேட்டார். ஞாயிறு சந்தைக் கூட்டத்தினூடே மகாத்மா காந்தி வீதியில் அவசரமாய் ஓட்டிச்செல்பவன் வேறென்ன செய்வான்? தூளை உண்டாக்கியவன் நான். ஏச்சு வாங்கியவன் அந்தத் தம்பி.

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தாயார் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தான். கதவின் அடியில் குனிந்து, கீறல்களின்மேல் விரலை ஓட்டினான்.

"இதை யார் தேய்த்தது, ஐயா?"

"நான்தான்" என்றேன்.