பிளாஷ் அடிக்கவில்லையா? முதலில் கேமராவிலிருந்து கழற்றிப் பாருங்கள்



இடைநிலை ஆசிரியையாக இருந்த காலம் முழுக்க எங்கள் பள்ளி ஆண்டு விழா, சுற்றுலா, குரூப் போட்டோ எல்லாவற்றுக்கும் கேமரா என் கையில்தான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அதனால் பழைய மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள்: "டீச்சர், கேமரா மேல மாட்டுற பிளாஷ் திடீர்னு அடிக்க மாட்டேங்குது. போயிடுச்சா?"

பல நேரம் போயிருக்காது. ஒரு பையன் கணக்கைத் தப்பாகப் போட்டால் நாம் விடையை மட்டும் அடித்துவிட்டுப் போவதில்லை. எந்த வரியில் தப்பு வந்தது என்று மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவோம். பிளாஷையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

முதல் வரி இது. பிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, தனியாக ஆன் செய்யுங்கள். தயார் விளக்கு எரிந்ததும் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். முகத்துக்கு நேராக வேண்டாம். தனியாக அடித்தால் பிளாஷ் நன்றாக இருக்கிறது. கோளாறு இணைப்பிலோ, கேமரா அமைப்பிலோ, பிளாஷின் முறையிலோ இருக்கிறது. தனியாகவும் அடிக்கவில்லை என்றால் பேட்டரிப் பக்கம் போங்கள். இந்த ஒரு சோதனையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

பெரும்பாலான பிளாஷ்களில் நான்கு ஏஏ செல்கள் இருக்கும். அதில் ஒன்று சோர்ந்தாலும் மற்ற மூன்றையும் சேர்த்துக் கெடுக்கும். பழையதும் புதியதும் கலக்காதீர்கள். சார்ஜ் செய்கிற நிக்கல் செல் 1.2 வோல்ட்தான், சாதாரண அல்கலைன் செல் 1.5 வோல்ட். ஆனாலும் நிக்கல் செல் போட்டால்தான் பிளாஷ் சீக்கிரம் தயாராகும். அதன் உள்தடை குறைவு, ஒரே மூச்சில் அதிக மின்னோட்டம் தரும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறான். உதவிக்கு ஆள் கிடையாது. ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை வந்து நின்றான். "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்குன்னு கடையில சொல்லிட்டாங்க டீச்சர். வாங்கின அட்வான்ஸும் செலவாயிடுச்சு" என்றான். தாலி கட்டுவது சில நொடி வேலை. இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியுமா?

"செல்லை எடு தம்பி" என்றேன். உள்ளே ஒரு ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அல்கலைன் செல் கசிந்தால் வருவது காரம். காரத்துக்கு அமிலம், நாம் நடத்திய பாடம்தானே. காது குடையும் பஞ்சுக்குச்சியில் எலுமிச்சைச் சாறு லேசாகத் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரப் பஞ்சால், அப்புறம் உலர்ந்த பஞ்சால் துடைத்தோம். நன்றாகக் காயவிட்டுப் புது செல் போட்டதும் தயார் விளக்கு எரிந்தது. மறுநாள் தாலி கட்டும் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

தனியாக அடிக்கிறது, கேமராவில் மாட்டினால் அடிக்கவில்லை என்றால்? ஹாட் ஷூவில் கடைசி வரை தள்ளிப் பூட்டியிருக்கிறீர்களா பாருங்கள். அடியிலுள்ள உலோகப் புள்ளிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். கேமராவில் 'சைலண்ட் ஷட்டர்' ஆன் ஆகியிருந்தால் பல கேமராக்களில் பிளாஷ் அடிக்காது. பிளாஷ் 'ஸ்லேவ்' முறையில் இருந்தால் வேறொரு பிளாஷின் சைகைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

அடிக்கிறது, ஆனால் படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழுகிறதா? ஷட்டர் வேகம் அதிகம். பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடிதான் எல்லை. அதைத் தாண்டினால் ஷட்டர் திரை முழுதும் திறந்திருக்கும் நேரமே கிடையாது. திரை மறைத்த இடம் கறுப்பாகிறது.

குரூப் போட்டோவில் பின்வரிசை இருட்டாக இருப்பதற்குப் பிளாஷ் காரணமல்ல, தூரம்தான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும். முன்வரிசை 2 மீட்டரிலும் பின்வரிசை 4 மீட்டரிலும் இருந்தால், பின்னால் நிற்பவர்களுக்குக் கால் பங்குதான். அதையே 5, 7 மீட்டர் ஆகும்படி நீங்கள் பின்னால் நகர்ந்தால் பாதி கிடைக்கும். ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

விட்டுவிட்டு அடித்தால் அவசரப்படாமல் தயார் விளக்குக்காகக் காத்திருங்கள். சூடாகி நின்றுவிட்டால் ஆறவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. எக்காரணம் கொண்டும் பிளாஷைப் பிரிக்காதீர்கள். உள்ளே உள்ள மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் நிற்கும், செல்லை எடுத்த பிறகும் நிற்கும். உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, பிலிம் காலத்துப் பழைய பிளாஷ் சிலவற்றில் ஷூ முனையிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் வரும். அளந்து பார்க்காமல் டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் கேமரா போய்விடும்.

உபயோகம் இல்லாதபோது செல்லைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை போட்டு நாலைந்து தடவை அடித்துப் பாருங்கள். மின்தேக்கி கெடாமல் இருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அடிக்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். அப்போதும் என்னென்ன பார்த்தீர்கள் என்று அவரிடம் வரிசையாகச் சொல்லுங்கள். முகூர்த்த மாதம் வருகிறது. கேமரா தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பகிருங்கள், ஒருவருக்காவது உதவும்.