கையால என்ன வேலை செய்யுறீங்க தம்பி?

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க. ஒரு தோல் அலர்ஜி, ஒரு ஜப்பான் பொம்மைப் போட்டி, நான் செஞ்ச ஒரு தப்பு, மூணும் இதுல இருக்கு. சம்பந்தப்பட்ட தம்பிகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

திருமலைராயன்பட்டினத்துல சாயங்காலம் கிளினிக் பார்க்குறேன். ஐப்பசி மழை நேரம். 19 வயசு தம்பி ஒருத்தர் ரெண்டு கையையும் நீட்டினார். விரல் நுனியெல்லாம் சிவந்து, தோல் உரிஞ்சு, அங்கங்க வெடிப்பு. ராத்திரி அரிப்புல தூக்கமே இல்லைன்னார்.

சீட்டுல முகவரியைப் பார்த்தேன். கடலோரத் தெரு. அப்பாவுக்கு மீன்பிடித் தொழில். மனசுக்குள்ள கணக்கு முடிஞ்சுபோச்சு. உப்புத்தண்ணி, ஈரம், வலை, மழைக்காலம், அப்ப பூஞ்சைதான். பூஞ்சைக்கு ஒரு கிரீம் எழுதிக் கொடுத்து, "கையை ஈரமில்லாம வச்சுக்கோங்க"ன்னு அனுப்பிட்டேன். அந்தத் தம்பி கடலுக்கே போறதில்லைங்குறது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வந்தார். கை அப்படியே இருக்கு. இப்ப கண் இமையும் வீங்கியிருக்கு. "தலைக்கு டை ஏதும் போட்டீங்களா? புது சோப்பு?"ன்னு கேட்டேன். இல்லைன்னார். அலர்ஜி மாத்திரையும் லேசான ஸ்டீராய்டு கிரீமும் கொடுத்தேன். கொஞ்சம் கேட்டுச்சு, பிறகு பழையபடி ஆயிடுச்சு.

மூணாவது தடவை அம்மாவும் கூட வந்தாங்க. உட்காரும்போதே ஆரம்பிச்சுட்டாங்க.

"டாக்டரய்யா, அந்தப் பொம்மை மாவைத் தொடாதேன்னு நீங்களாச்சும் சொல்லுங்க. பொழுதன்னைக்கும் அதைத்தான் பிசைஞ்சுக்கிட்டு கெடக்குது. நான் சொன்னா கேக்கல."

என்ன பொம்மைன்னு கேட்டேன். தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அம்மா துணிப்பையிலேருந்து ஒரு சில்வர் டப்பாவை எடுத்தாங்க. உள்ளே பழைய துண்டு. துண்டுக்குள்ள ஒரு சாண் உயரத்துல ஜோரோ.

ஜோரோ யாருன்னு தெரியாதவங்களுக்கு: 'ஒன் பீஸ்'னு ஒரு ஜப்பான் காமிக்ஸ், 1997லேருந்து எய்ச்சிரோ ஓடா வரைஞ்சுக்கிட்டே இருக்கார். அதுல வர்ற வாள்வீரன். ரெண்டு கையில ரெண்டு வாள், வாயில ஒண்ணு. என் பொண்ணு புண்ணியத்துல எனக்கு இவ்வளவு தெரியும்.

பெயின்ட் அடிக்கல, சாம்பல் நிறம். ஒரு கால் இன்னும் கம்பியாவே நிக்குது. ஆனா அந்த முன்கை இருக்கே! வாளை இறுக்கிப் பிடிக்கும்போது முழங்கைக்குக் கீழே எந்தத் தசை புடைக்கும், மணிக்கட்டுப் பக்கம் எந்த நரம்பு கயிறு மாதிரி எழும்பும்னு முதல் வருஷம் அனாட்டமி ஹால்ல மாசக்கணக்கா படிச்சவன் நான். பரீட்சையில இதைப் படமா வரையச் சொன்னா இவ்வளவு சரியா வரைஞ்சிருக்க மாட்டேன்.

"எங்க கத்துக்கிட்டீங்க தம்பி?"

"அப்பா வலை இழுக்குறதைப் பார்த்து சார்."

"எதுல செஞ்சது?"

"எபாக்சி புட்டி சார். பைப் ஒழுகுனா அடைப்பாங்களே. ரெண்டு கலர்ல வரும், பிசைஞ்சா ஒண்ணாயிடும்."

"வெறுங்கையாலயா?"

"கிளவுஸ் போட்டா விரல் ரேகை அளவுக்கு வேலை வராது சார்."

அந்த நிமிஷம் எனக்கு ரொம்ப வெட்கமா இருந்துச்சு. 1700ல இத்தாலியில பெர்னார்டினோ ராமஸ்ஸினின்னு ஒரு மருத்துவர் தொழிலாளிகளோட நோய்களைப் பத்தி தனியா ஒரு புத்தகமே எழுதினார். நோயாளிகிட்ட வழக்கமா கேட்குற கேள்விகளோட "என்ன தொழில் செய்யுறீங்க?"ன்னு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கச் சொன்னவர் அவர்தான். எம்பிபிஎஸ் படிச்ச எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். எனக்கும் தெரியும். ஆனா முகவரியைப் பார்த்து பதிலை நானே எழுதிக்கிட்டேன்.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். எபாக்சி புட்டியில ஒரு பாகம் ரெசின், இன்னொண்ணு அதை இறுக்குற ஹார்டனர். ரெண்டும் முழுசா சேர்ந்து கல்லா இறுகிட்டா பெரும்பாலும் தொந்தரவு இல்லை. பிசையுற நேரத்துலதான் ஆபத்து. சின்ன மூலக்கூறுகள் தோலுக்குள்ள போகும். முதல் நாளே ஒண்ணும் ஆகாது. வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல தொட்டுக்கிட்டே இருப்பாங்க, சும்மா இருக்கும். ஒருநாள் உடம்போட எதிர்ப்புச் சக்தி அதை எதிரின்னு அடையாளம் பிடிச்சு வச்சுக்கும். அதுக்கப்புறம் துளி பட்டாலும் ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு அரிப்பு, சிவப்பு, கொப்புளம். தொட்ட அன்னைக்கே வராம தாமதமா வர்றதாலதான் எதனால வந்துச்சுன்னு நோயாளிக்கும் தெரியறதில்லை.

கண் இமை ஏன் வீங்குச்சு? உடம்புலேயே மெல்லிசான தோல் அங்கதான். புட்டி ஒட்டின விரலால கண்ணைக் கசக்கியிருப்பார். அதோட, அரைகுறையா இறுகின புட்டியை உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சா தூள் பறந்து முகத்துல உட்காரும்.

உறுதி செய்ய பேட்ச் டெஸ்டுக்கு பெரிய ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்கு அனுப்பினேன். சந்தேகப்படுற பொருட்களைத் துளித்துளியா முதுகுல ஒட்டி, 48 மணி நேரம் கழிச்சு எடுத்துப் பார்ப்பாங்க, ரெண்டு நாள் விட்டு மறுபடியும் பார்ப்பாங்க. எபாக்சி ரெசின் வச்ச இடம் மட்டும் நல்லா சிவந்து தடிச்சிருந்துச்சு.

இதுக்கு மருந்து இருக்கு, ஆனா குணம் இல்லை. கை ஆறிடும். அந்த ஞாபகம் உடம்பை விட்டுப் போகாது. பெரும்பாலும் ஆயுசுக்கும் எபாக்சியைத் தொடக்கூடாது. இதைச் சொன்னப்ப தம்பி முகம் போன போக்கு இன்னும் கண்ணுல நிக்குது. அம்மாவுக்கு அது நல்ல சேதி. அவருக்கு அப்படி இல்லை.

"சார், இன்னும் 23 நாள்தான் இருக்கு."

எதுக்குன்னு கேட்டேன். அப்பதான் பேசவே ஆரம்பிச்சார்.

ஜப்பான்ல மால், விளையாட்டுக் கூடங்கள்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இரும்புக் கை இறங்கி பொம்மையைத் தூக்குற கிரேன் மெஷின் இருக்கும்ல, அதுல பரிசா வைக்குறதுக்குன்னே தனியா பொம்மைகள் தயாரிக்கிறாங்க. பான்பிரெஸ்டோங்குறது அதுல பெரிய பெயர், இப்ப பண்டாய் ஸ்பிரிட்ஸோட பிராண்டு. பரிசுப் பொருளுக்கு அங்க ஒரு விலை வரம்பு உண்டு. ரொம்ப வருஷமா 800 யென், 2022ல 1000 யென் ஆச்சு. நம்ம காசுக்கு அறுநூறு ரூபா சுமார். அந்த விலைக்குள்ள அடங்குற பிவிசி பொம்மைக்குத்தான் சிற்பிகள் மோதிக்குறாங்க.

'டிராகன் பால்' கதையில உலகத்துல யார் பலசாலின்னு பார்க்க ஒரு சண்டைப் போட்டி வரும், டென்காய்ச்சி புடோகாய். அதே பெயரை எடுத்து, முன்னால 'ஸோகெய்'னு சேர்த்துக்கிட்டாங்க. உருவம் வார்க்குறதுன்னு அர்த்தம். ஒவ்வொரு சிற்பியும் ஒரு பாத்திரத்தை எடுத்து தன் பாணியில செய்வார். இன்னார் செஞ்சதுன்னு அவர் பேரோடவே பொம்மை வெளிவரும். ரசிகர்கள் ஓட்டுப் போடுவாங்க. 'ஒன் பீஸ்' பாத்திரங்களுக்கும் தனிப் போட்டி உண்டு. 2017ல 'வேர்ல்டு ஃபிகர் கொலோசியம்'னு பெயர் வச்சு வெளிநாட்டுச் சிற்பிகளையும் சேர்த்துக்கிட்டாங்க.

தம்பி சொன்னதுல எனக்குப் பிடிச்சது அந்தப் பேரு விஷயம்தான். "கொலுவுக்கு வாங்குற பொம்மையை யார் செஞ்சாங்கன்னு யாராச்சும் கேப்பாங்களா சார்? அங்க கேக்குறாங்க."

இன்னொண்ணும் சொன்னார். 1985லேருந்து ஜப்பான்ல 'வொண்டர் ஃபெஸ்டிவல்'னு ஒரு சந்தை நடக்குது. யார் வேணா வீட்டுல செஞ்ச பொம்மையைக் கொண்டுவந்து விற்கலாம். காமிக்ஸ் கம்பெனிகளோட உரிமை இடிக்குமேன்னு கேட்டா, அந்த ஒரு நாளைக்கு மட்டும் உரிமம் தர்றாங்களாம். சாயங்காலம் சந்தை முடிஞ்சா உரிமமும் முடிஞ்சுது. இது எவ்வளவு பெரிய மனசு! இன்னைக்குப் பேர் வாங்கின சிற்பிகள் பலர் அந்த மேசைகள்லேருந்து வந்தவங்கதான்.

தம்பி அவ்வளவு தூரத்துக்குக் குறி வைக்கல. அந்த மாதிரி ரசிகர்கள் நடத்துற ஒரு சின்ன இணையப் போட்டி. போட்டோ அனுப்பினா போதும். அதுக்குத்தான் 23 நாள்.

எங்க ஊருக்கும் போட்டிக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. காளமேகப் புலவர் திருமலைராயன் சபையில எமகண்டம் பாடினது இங்கதான்னு சொல்லுவாங்க. கீழே நெருப்பு, கொதிக்கிற கொப்பரை, மேலே தொங்குற உறியில உட்கார்ந்து, கேட்ட நிமிஷத்துல பாடணும். ஜெயிச்சும் மரியாதை கிடைக்காததால ஊர் மேல மண்மாரி பெய்யட்டும்னு சபிச்சுட்டுப் போயிட்டாராம். மண் மழை பெஞ்ச ஊர்ல ஒருத்தர் மண்ணு பிசைஞ்சா தப்பில்லைன்னு தம்பிகிட்ட சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரல.

சரி, எபாக்சி இல்லைன்னா வேற எது? இங்க நான் டாக்டர் வேலையைத் தாண்டிப் போயிட்டேன்னு வைங்க. எங்க யூனியன் பிரதேசத்துலயே வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கு. அங்க வேலை செய்யுற வி.கே. முனுசாமிக்கு 2020ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. களிமண் தோலுக்கு நல்லது. ஆனா ஜோரோ வாள் அளவுக்கு மெல்லிசா இழுத்தா காயும்போது வெடிச்சுடும்னு தம்பி சொல்லிட்டார். செஞ்சு பார்த்திருக்கார்.

அப்புறம் அவரே யோசிச்சார். சுவாமிமலையில வெண்கலச் சிலை வார்க்குறவங்க முதல்ல தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்வாங்க. நகை மாதிரி நுணுக்கமெல்லாம் அந்த மெழுகுலயே வந்துடும். அது மேல மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேத்திட்டு, அந்த இடத்துல உலோகத்தை ஊத்துவாங்க. போட்டிக்குப் போட்டோதானே, மெழுகுலயே நிறுத்திட்டா என்ன?

குங்கிலியம், தேன்மெழுகுலயும் சிலருக்கு அலர்ஜி வரும், அதனால முதல்ல முன்கையில ஒரு ஓரமா தடவி நாலு நாள் பாருங்கன்னேன். நாலு நாளைத் தர முடியாது, ரெண்டு நாள்னு பேரம் பேசினார். நான் ஒத்துக்கல. நாலு நாள் கழிச்சு வாட்ஸப்ல கை போட்டோ வந்துச்சு. சுத்தமா இருந்துச்சு.

இந்த மாதிரி வேலை செய்யுறவங்க, உங்க வீட்டுப் பிள்ளைகள் செய்யுறாங்கன்னா இதைக் கவனிங்க. எபாக்சியைப் பிசையுறப்ப நைட்ரைல் கிளவுஸ் போடுங்க. மெல்லிசு லேடெக்ஸ் கிளவுஸ் போதாது, ரெசின் ஊடுருவிடும். நைட்ரைலையும் அடிக்கடி மாத்தணும். தேய்க்குறப்ப என்95 மாஸ்க், கண்ணாடி. தண்ணி தொட்டுத் தேய்ச்சா தூள் பறக்காது. 3டி பிரிண்டர் ரெசின் இதைவிட மோசம். அதுல இருக்குற அக்ரிலேட் மெல்லிய கிளவுஸை நிமிஷக்கணக்குல தாண்டிடும். அந்த அலர்ஜி வந்துட்டா நாளைக்குப் பல்லு அடைக்குறப்பகூட பல் டாக்டர்கிட்ட சொல்லியாகணும். கை அரிச்சா மெடிக்கல்ல நீங்களே கிரீம் வாங்கித் தடவாம, கையால என்ன செய்யுறீங்கன்னு டாக்டர் கேட்கலேன்னாலும் நீங்களே சொல்லிடுங்க.

கடைசி நாள் ராத்திரி பதினொண்ணரைக்கு போட்டோ அனுப்பினார். தேன் நிறத்துல ஜோரோ, பின்னாடி ஒரு கறுப்புத் துணி. வாயில இருந்த வாள் லேசா வளைஞ்சிருந்துச்சு. குண்டு பல்பு சூட்டுல இளகிடுச்சாம். பரிசு கிடைக்கல. முதல் சுற்றையே தாண்டல. ரெண்டு வாரம் என் மெசேஜுக்குப் பதில் இல்லை. அப்புறம் ஒருநாள், சொந்தக்காரர் லேப்டாப்ல பிளெண்டர் கத்துக்குறதா சொன்னார். கம்ப்யூட்டர்ல செஞ்சா கைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சாருன்னு கேட்டார். பிரிண்ட் எடுக்குற வரைக்கும் ஆகாதுன்னேன்.

அவங்க அப்பா போன வாரம் பிரஷர் பார்க்க வந்தார். பொம்மையைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல. சட்டைக் கையை மடக்கி மேசை மேல நீட்டினார். பட்டையைச் சுத்திக் காத்தடிக்கும்போது அனிச்சையா விரலை இறுக்கினார். முழங்கைக்குக் கீழே அந்தத் தசை அப்படியே புடைச்சுது.

"என்ன டாக்டர், அப்படிப் பார்க்குறீங்க?"

"கையைத் தளர்த்தி வைங்க அண்ணே. 150க்கு 90 காட்டுது. உப்பைக் குறைக்கணும்."