ராஜா வேஷம் 60 டாலர், குடியானவன் வேஷம் 22!

"அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை டீம் மொத்தமும் ரெனசான்ஸ் திருவிழாவுக்குப் போகிறோம். எல்லோரும் வேஷத்தில் வரவேண்டும்!" என்று ஆபீஸில் டீம் லீடர் அறிவித்தார். நான் வழக்கம்போல் புரியாமல் தலையை ஆட்டினேன். அமெரிக்கா வந்த ஒன்றரை வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட கலை அது.

இது நடந்தது 2023 செப்டம்பரில், டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டனில். ரூமுக்கு வந்து மதுரைக்கார ரூம்மேட்டிடம் விவரம் கேட்டேன்.

"அதுவா மாப்ளே... நானூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்து கிராமம் மாதிரி செட் போட்டு வெச்சிருப்பாங்க. ராஜா, ராணி, குதிரைச் சண்டை எல்லாம் உண்டு. எங்க ஊர் சித்திரைப் பொருட்காட்சிக்கு வர்ற ஜனத்துல பாதிப் பேர் ஒட்டு மீசையும் கிரீடமுமா வந்தா எப்படி இருக்கும்? அதான்!"

அவன் சொன்னது சரிதான். 1963-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஃபில்லிஸ் பாட்டர்சன், ரான் பாட்டர்சன் என்ற தம்பதி ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்டுவதற்காக ஆரம்பித்து வைத்த வேடிக்கை இது. இப்போது அமெரிக்காவில் பல மாநிலங்களில் நடக்கிறது. நாங்கள் போகவிருந்தது டாட் மிஷன் என்ற குட்டி ஊரில் 1974-ல் தொடங்கிய திருவிழா. ஹூஸ்டனிலிருந்து வடமேற்கே சுமார் 50 மைல். அதை நிறுவிய ஜார்ஜ் கூலம் அந்த ஊருக்கே மேயராகவும் இருந்தவர். திருவிழா நடத்த ஊர் தேடுவார்கள். இவர் திருவிழாவை வைத்தே ஊரை நடத்தியிருக்கிறார்!

வேஷம் கட்டாயமில்லை. ஜீன்ஸில் போனாலும் உள்ளே விடுவார்கள். ஆனால் டீமே வேஷத்தில் வரும்போது நான் மட்டும் ஐ.டி. கார்டு தொங்காத குறையாகப் போய் நின்றால் நன்றாகவா இருக்கும்?

கையில் ஒதுக்க முடிந்தது 25 டாலர். மாசா மாசம் படிப்புக் கடனுக்கு ஊருக்குப் பணம் அனுப்புகிறவனுக்கு அதுவே தாராளம். இன்டர்நெட்டில் தேடினேன். நிஜத் தோலில் செய்த மேல்சட்டை நூற்றுக்கணக்கான டாலர். ஊதா வெல்வெட்டில் தங்க பார்டர் வைத்த ராஜா டிரஸ், பிளாஸ்டிக் கிரீடம் உள்பட 60 டாலர். கிரீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது படிக்கும்போது பள்ளி நாடகத்தில் எனக்குக் கிடைத்தது வாயில்காப்போன் வேஷம். மொத்த வசனமே "யாரங்கே!" என்று ராஜா கூப்பிட்டதும், "மன்னா!" என்பதுதான். அந்த ஏக்கம் லேசில் போகுமா?

"60 டாலர்னா ரெண்டு வாரத்து மளிகை மாப்ளே" என்றான் ரூம்மேட். கிரீடம் கவிழ்ந்தது.

ஆபீஸில் பக்கத்து ஸீட் அம்மணி வழி சொன்னார். "குட்வில் கடைக்குப் போ. குடியானவன் வேஷம் போடு. ராஜாவை விட அவன்தான் நிஜமாகத் தெரிவான்."

குட்வில் என்றால், ஜனங்கள் தானமாகக் கொடுக்கும் பழைய துணிமணிகளை விற்கும் கடை. பழைய துணி! எனக்கு அங்கேதான் சிக்கல்.

சின்ன வயசில் எனக்குத் தீபாவளி தவிர மற்ற நாளெல்லாம் பெரியப்பா பையனின் பழைய சட்டைதான். அவன் என் கிளாஸ்மேட்டின் அண்ணன் வேறு. ஒரு நாள் பிரேயர் முடிந்து வரிசையில் நிற்கும்போது அந்தக் கிளாஸ்மேட் என் சட்டையைத் தொட்டு, "ஏய், இது எங்க அண்ணன் சட்டைடா!" என்று உரக்கக் கத்தினான். கெட்ட எண்ணம் இல்லை. தெரிந்த சட்டையைப் பார்த்த சந்தோஷம். வரிசையே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு எடுத்த சபதம்: சம்பாதிக்க ஆரம்பித்தபின் அடுத்தவன் போட்ட துணியைத் தொடமாட்டேன்.

ரூம்மேட்டும் அதே கட்சி. "ஊரான் போட்ட துணியை எவனாவது போடுவானா?" என்றான். இருந்தாலும் 25 டாலர் என்னைக் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனது. தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டே நுழைந்தேன்.

இனி கணக்கு. பேனா வைத்திருப்பவர்கள் குறித்துக் கொள்ளலாம்.

சட்டை: 0 டாலர். பொங்கலுக்கு மன்னார்குடியில் தைத்த வெள்ளை காட்டன் ஜிப்பா பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பட்டனை வெட்டிவிட்டு நாடா வைத்துக் கட்டினேன்.

கால்சட்டை: 5 டாலர். தொளதொளவென்று ஒரு பிரவுன் பேண்ட். முழங்காலுக்குக் கீழே வெட்டி, மடித்துத் தைத்து, ஊக்கால் நாடா கோத்துச் சுருக்கினேன். ஜிப் வெளியே தெரியாமல் ஜிப்பா மறைத்தது. இன்றைய மாதிரியான ஜிப் வந்ததே 1913-ல்தான். பெல்ட்டில் எவர்சில்வர் டம்ளர் தொங்கவிடலாம் என்ற ஐடியாவையும் கைவிட்டேன். ஷெஃபீல்டில் அந்த உலோகம் பிறந்ததும் அதே 1913-ல்தான்!

மேல்சட்டை: 6 டாலர். லேடீஸ் செக்‌ஷனில் கிடைத்த கையில்லாத தோல் வெஸ்ட். (வெட்கப்படாதீர்கள். குடியானவனுக்கு ஏது செக்‌ஷன்?) பட்டனை எடுத்துவிட்டு ஆணியால் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, காஜா மாதிரி நூலால் சுற்றித் தைத்தேன். அதில் தோல் லேஸ் குறுக்கும் நெடுக்குமாக: 2 டாலர்.

பெல்ட்: 3 டாலர். மிகப் பெரிய ஸைஸாகப் பார்த்து எடுக்கவேண்டும். மாட்டியபின் மிச்சத்தை முடிச்சுப் போட்டு முன்னால் தொங்கவிட்டால், அதுதான் அந்தக் காலத்து ஸ்டைல் என்று திருவிழாவில் எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

முழங்கால் வரை ஏறும் ஃபுட்பால் சாக்ஸ்: 4 டாலர். ஷூ என்னுடைய பழைய பிரவுன் ஷூ. பாலிஷ் போடவில்லை. என் சோம்பலும் சரித்திரமும் ஒத்துப்போன ஒரே இடம் அது.

தொப்பி: 2 டாலர். பழைய பச்சை ஜன்னல் திரையில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, ஓரத்தைச் சுருக்கி, ஒரு பட்டையில் வைத்துத் தைத்தேன். தொப்பியை அலட்சியமாக நினைக்காதீர்கள். 1571-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டமே போட்டார்கள். 6 வயசுக்கு மேற்பட்ட சாமானிய ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் கம்பளித் தொப்பி போட்டாக வேண்டும், இல்லையென்றால் அபராதம். தொப்பி பின்னுகிறவர்கள் பிழைக்க அரசாங்கம் செய்த ஏற்பாடு. 1597 வரை அமலில் இருந்தது. ஹெல்மெட்டுக்கு முணுமுணுக்கும் நாம் எவ்வளவோ தேவலை.

பேண்ட்டில் வெட்டிய மிச்சத் துணியில் பணம், போன் வைக்க ஒரு பை. நாடாவை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். தைத்து முடித்து விளக்கில் பிடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. பாட்டி இடுப்பில் செருகிக்கொள்ளும் அதே சுருக்குப்பை!

ஆகமொத்தம் 22 டாலர். மிச்சம் 3.

கடைசியாக ஒரு டிப்ஸ். துணி வாங்குமுன் லேபிளைப் பாருங்கள். லேபிள் இல்லையென்றால், வீட்டில் ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் குண்டுமணியாகும். டெக்ஸாஸில் அக்டோபரிலும் வெயில் மண்டையைப் பிளக்கும். பாலியெஸ்டர் போட்டால் நீங்களும் அதே குண்டுமணிதான்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. வாசலில் கத்தியோடு வந்தவர்களை நிறுத்தி, உறையிலிருந்து உருவ முடியாதபடி கட்டி அனுப்பினார்கள். உள்ளே போனால் நிஜமாகவே கிராமம். மரத்தடிக் கடைகள், குதிரை, தாரை தப்பட்டை, ஆளுக்கொரு வான்கோழிக் கால். (வான்கோழி அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன பறவை. இப்போது இங்கிலாந்து வேஷத்தில் சொந்த ஊருக்கே திரும்பியிருக்கிறது!)

எங்கள் டீம் லீடர் எட்டாம் ஹென்றியாக வந்திருந்தார். ஊதா வெல்வெட், தங்க பார்டர், பிளாஸ்டிக் கிரீடம். எனக்கு நன்றாகத் தெரிந்த டிரஸ்! எலிசபெத் ராணி 1574-ல் போட்ட உத்தரவுப்படி ஊதாப் பட்டு ராஜ குடும்பத்துக்கும் மிகப் பெரிய பிரபுக்களுக்கும் மட்டும்தான். டீம் லீடர் அந்த லிஸ்டில் வருவாரா என்று கேட்க நினைத்தேன். அப்ரைசல் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்குள் மன்னர் வியர்வையில் குளித்துவிட்டார். ஒரு மணிக்கு நிழலில் உட்கார்ந்து கிரீடத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் ஒரு தையல் கடை. ராட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மாள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கையைத் தூக்கு" என்கிற ஜாடை. திருட்டுக் கேஸா என்று பயந்துகொண்டே தூக்கினேன். ஜிப்பாவின் அக்குளில் இருந்த சின்னச் சதுரத் துண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை யார் தைத்தது?"

"எங்கள் ஊர் டெய்லர்."

"சரியான வெட்டு. அந்தக் காலத்துச் சட்டையும் இப்படித்தான். எல்லாம் நீள்சதுரம், சதுரம். துணியில் ஒரு விரல் அகலம்கூட வீணாகாது. துணி அவ்வளவு விலை!"

அப்புறம் என் தோல் வெஸ்ட்டைப் பார்த்து, "பழைய துணிதானே?" என்றார். எனக்குச் சட்டென்று அந்தப் பிரேயர் வரிசை ஞாபகம் வந்தது. காது சூடானது. மெதுவாக, "ஆமாம்" என்றேன்.

"நல்லது! அப்போது பெரும்பாலானோர் போட்டதே அதுதானே" என்றார் வெகு சாதாரணமாக.

அவர் சொன்னதும், ரூமுக்கு வந்து நான் படித்ததும் இதுதான். அன்றைய லண்டனில் உயிலில் சட்டையையும் கவுனையும் பேர் சொல்லி எழுதி வைப்பார்கள். ரோஸ் நாடகக் கொட்டகை நடத்திய ஃபிலிப் ஹென்ஸ்லோ துணிகளை அடகு பிடித்ததற்கு அவருடைய கணக்குப் புத்தகமே சாட்சி. 1599-ல் லண்டனுக்கு வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்ஸர்லாந்துக்காரர் எழுதியிருக்கிறார்: பிரபுக்கள் சாகும்போது நல்ல உடைகளை வேலைக்காரர்களுக்கு விட்டுப் போவார்கள், தங்கள் அந்தஸ்துக்கு அதைப் போட்டுக்கொள்ள முடியாத அவர்கள் நாடகக்காரர்களுக்கு விற்றுவிடுவார்கள். ஆக, ஷேக்ஸ்பியர் காலத்து மேடையில் ராஜாவாக நின்றவரும் இன்னொருத்தர் போட்ட துணியில்தான் நின்றிருப்பார்!

இருபது வருஷமாக மனசின் மூலையில் கசங்கிக் கிடந்த ஒரு சட்டையை யாரோ எடுத்து உதறி மடித்து வைத்தாற்போல் இருந்தது. பெரியப்பா பையன் சட்டையைக் கொடுக்குமுன் பெரியம்மா அறுந்த பட்டனைத் தைத்து, இஸ்திரி போட்டுத்தான் கொடுப்பாள். அது இத்தனை நாள் ஏன் ஞாபகம் வரவில்லை?

மிச்சம் இருந்த 3 டாலரை டீம் லீடருக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கச் செலவழித்தேன். மன்னருக்குக் குடியானவன் கட்டிய வரி.

ராத்திரி ரூமுக்கு வந்தேன். ரூம்மேட் என்னை மேலும் கீழும் பார்த்தான். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினான்.

"மாப்ளே, அடுத்த வருஷம் எங்க ஆபீஸ்லயும் கூட்டிட்டுப் போறாங்களாம். இந்த டிரஸ்ஸை எனக்குத் தர்றியா?"

"ஊரான் போட்ட துணிடா!"

"போடா... நீ என்ன ஊரானா?" என்றான்.