எழுதிக் கொடு பாப்பா

அத்தையின் டீக்கடையில் டீயைவிட வெள்ளைத்தாளில்தான் லாபம் அதிகம். சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊர், எண்பதுகளின் நடுப்பகுதி. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று குரல் கொடுத்தால் கடைக்குள் கேட்கும். புகார் சொல்ல வருகிறவர்களிடம் உள்ளே இருப்பவர்கள் முதலில் சொல்லுவது, "போய் எழுதிக்கிட்டு வா." சில நாள், "அப்படியே ஒரு குயர் பேப்பரும் ரெண்டு கார்பனும் வாங்கிட்டு வந்துரு" என்பதும் சேர்ந்துகொள்ளும். ஏன் அத்தை, ஸ்டேஷனுக்கு அரசாங்கம் பேப்பர் கொடுக்காதா என்று கேட்டேன். "கொடுக்கும் கொடுக்கும். நமக்கும் யாவாரம் ஆகணும்ல" என்றாள்.

என் கையெழுத்து அச்சடித்தாற்போல இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைத்ததும் பெஞ்சில் யாராவது காத்திருப்பார்கள். "பாப்பா, ஒரு மனு எழுதிக் கொடு தாயி." அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்று பள்ளியில் விடுப்புக் கடிதத்துக்குக் கற்ற வரிசைதான். தாளுக்கு மட்டும் அத்தை காசு வாங்குவாள். எழுத்துக்கு வாங்கக் கூடாது என்பது அவள் கட்டளை. வந்தவர்கள் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தால் அதற்குத் தடையில்லை.

காணாமல் போன வெள்ளாடு, பம்புசெட்டில் அறுத்துப்போன ஒயர், ராத்திரியோடு ராத்திரியாகத் தள்ளிப்போன வரப்பு, சீட்டுப் பிடித்து ஓடிப்போனவன் என்று ஊரின் வழக்குகள் எல்லாம் என் பேனா வழியாகத்தான் ஸ்டேஷனுக்குள் போயின. மேலத்தெரு வழியாகச் செருப்புப் போட்டு நடந்ததற்காக அடிபட்ட ஒருவர் வந்தார். சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அதே தாளோடு திரும்பி வந்து, "சமாதானமாப் போகச் சொல்லிட்டாங்க" என்றார். டீ குடிக்காமலே போனார். அவரிடம் அத்தை தாளுக்கும் காசு வாங்கவில்லை.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரிடம் போய்விட்டுத் திருத்தி எழுத வருகிறவர்களும் உண்டு. அஞ்சு பவுன் சங்கிலி களவு போனதை ரெண்டு பவுன் என்று மாற்றச் சொல்லியிருப்பார். களவு 'தொலைந்துவிட்டது' ஆகிவிடும். அந்த ரைட்டரைப் பொல்லாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. பெரிய களவென்று வழக்குப் பதிந்தால் மேலிருந்து கேள்வி வரும், பிடித்தாயா என்று உயிரை எடுப்பார்கள். வழக்கே பதியாவிட்டால் ஊர் அமைதியாக இருப்பதாகக் கணக்கு.

ஏட்டய்யா ஒருவர் இருந்தார். ராத்திரி ரோந்து போய் நகைக்கடை வாசலில் தொங்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, விடியற்காலையில் எங்கள் கடையில் முதல் டீயைக் குடிப்பார். திருவிழா பந்தோபஸ்து, மந்திரி வருகை, தேர்தல் என்று போனால் வீட்டுக்குத் திரும்பவே நாளாகும். அவர் மகளும் என் வகுப்புதான். அப்பா முகத்தைத் தூங்கும்போதுதான் பார்க்கிறேன் என்பாள். தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு என்று அரசாணை வந்தது 2021-ல்தான். வயசானவர்கள் மனுவோடு வந்தால் ஏட்டய்யா நிற்க வைக்க மாட்டார். "உக்காரு ஆத்தா, முதல்ல தண்ணியக் குடி" என்பார். அவர் பணியில் இல்லையென்று தெரிந்தால், "நாளைக்கு வர்றேன்" என்று திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தனி மனிதரின் டூட்டி நேரத்தை வைத்து ஊர் தன் நியாயத்தைத் திட்டம் போட்டது.

பெண்கள் வருவது அந்தி மங்கியபின். பெஞ்சில் உட்கார மாட்டார்கள். பாய்லருக்குப் பின்னால், விறகு அடுக்கியிருக்கும் மூலையில் குந்தி, முந்தானையை விலக்கித் தோளைக் காட்டுவார்கள், முதுகைக் காட்டுவார்கள். ஒரு அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அடிச்சான்னு மட்டும் எழுது பாப்பா. எங்க அடிச்சான்னு எழுதாத. உள்ள எல்லாரும் ஆம்பளைங்க, சத்தமாப் படிப்பாங்க." பாவாடை சட்டை போட்ட சிறுமியிடம் காட்ட முடிந்ததை அங்கே மேசைக்கு முன்னால் சொல்ல முடியவில்லை. எழுதிக் கொண்டுபோனாலும் பெரும்பாலும் புருஷனை வரவழைத்து நாலு அதட்டு அதட்டி, "குடும்ப விஷயம், ஒத்துமையா இருங்க" என்று ஜோடியாக அனுப்பிவிடுவார்கள். மறு வாரம் அதே அக்கா, அதே மூலை.

கணவனோ அவன் வீட்டாரோ செய்யும் கொடுமை குற்றம், மூன்றாண்டு வரை சிறை என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு 1983-லேயே சேர்ந்துவிட்டது. நான் அந்த மனுக்களை எழுதியது அதற்குப் பிறகு. தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1973-ல். எங்கள் ஸ்டேஷனில் ஒரு பெண் காவலரைக்கூட நான் கண்டதில்லை. மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992-ல் திறந்தபோது, பேப்பரில் படத்தைப் பார்த்த அத்தை, "இனி நம்ம பாய்லர் மூலைக்கு வேலை இல்ல" என்றாள். மகளிர் நிலையங்களிலும் பல இடங்களில் சமரசம் பேசி அனுப்புகிற பழக்கம் தொடர்ந்தது என்பதைப் பின்னாளில் வழக்கறிஞராகப் பார்த்தேன். ஆனாலும் தோளைக் காட்ட ஒரு மறைவிடம் கிடைத்ததே, அது சின்ன விஷயம் இல்லை.

சட்டக் கல்லூரியில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. கைது செய்யத்தக்க குற்றம் பற்றி ஒருவர் வாய்மொழியாகச் சொன்னாலே போதும். எழுதவேண்டியவர் நிலைய அதிகாரி. எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கி, ஒரு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். 1973-ஆம் ஆண்டுச் சட்டம் அது. நானும் அத்தையும் பெஞ்சுபோட்டு நடத்திய மனுத் தொழிலே தேவைப்படாத தொழில். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் தாள் வாங்கிய காசு, காத்திருந்த பொழுது, ஒரு சிறுமியிடம் பட்ட கூச்சம் எல்லாம் சட்டப்படி யாருமே கேட்டிருக்கக் கூடாதவை.

கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலிருந்தே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2013-ல் சொன்னது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரிதான் பதியவேண்டும் என்ற திருத்தமும் அதே ஆண்டில் வந்தது. துப்பாக்கி, வாக்கிடாக்கி, இப்போது கேமரா என்று காவல்துறை எதை வைத்துக்கொண்டாலும், சாமானியருக்கு அதன் முதல் வேலை தன் சொல்லைத் தாளில் ஏற்றுவதுதான். அந்த வேலை நடக்காவிட்டால் மற்றதெல்லாம் பந்தோபஸ்து மட்டுமே.

2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய 154, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவாகிவிட்டது. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் சொல்லலாம் என்பதும் அதில் இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போக நேர்ந்தால் எழுதத் தெரியாது என்று தயங்காதீர்கள். வாயால் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள், படித்துக் காட்டச் சொல்லுங்கள், நகலை வாங்காமல் படியிறங்காதீர்கள். வாங்க மறுத்தால் புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் குற்றவியல் நீதிமன்ற நடுவரிடம் போகலாம்.